இரண்டாவது கடையில் ஒரு பற்று

அறுபத்தொன்றோ அறுபத்திரண்டோ, வருஷம் சரியாக நினைவில்லை. மழை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பூண்டுலோயா பஜாரிலிருந்து குறுக்குப் பாதையில் ஏறினால், நடுவழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கித்தான் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர முடியும். தோட்டத்தின் பெயரைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? எங்கே போனாலும் ஒட்டி ஒட்டிக் கட்டின வரிசை வீடுகளாக அதே லயம், அதே மழை, அதே கடைக் கடன்தான்.

அந்த வருஷம் ஆனி மாத மழையோடு சேர்ந்து எனக்கு நெருப்புக் காய்ச்சலும் வந்தது. என் மூத்த மகள் அப்போது கைக்குழந்தை. குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கப் பழகியிருந்தாள். அவளை மாமியார் கையில் கொடுத்துவிட்டு என்னை நுவரெலியா ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் பிழைத்து வந்ததே பெரிய காரியம் என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். வந்து பிள்ளையை மடியில் போட்டால் மாரில் ஒரு சொட்டுப் பால் இல்லை. அவள் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்து அழுதாள். நானும் அழுதேன். வேறு என்ன செய்வது?

தோட்டத்து மருந்துக்காரர் பிள்ளையைத் தூக்கிப் பார்த்தார். கஞ்சித் தண்ணீரில் இந்தப் பிள்ளை தாங்காது, சோறு பிசைந்து கொடுக்கிற வயசு வரும் வரைக்கும் டின் பால் கொடுக்க வேண்டும், அதுவும் தண்ணீர் கூட்டாமல் கொடுக்க வேண்டும் என்றார். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவருக்கு அது ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

வெளியில் இருக்கிறவர்களுக்கு இதில் என்ன சிக்கல் என்று தோன்றும். புருஷனும் பெண்டாட்டியும் சம்பளம் வாங்குகிறீர்கள், ஒரு பால் டின் வாங்க வேண்டியதுதானே என்பார்கள். சம்பளத்தை நாங்கள் கண்ணால் பார்த்தால்தானே! அரிசியையும் மாவையும் தோட்டத்திலேயே கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். மற்றதெல்லாம், கருவாடு, மிளகாய், தேங்காய், லாம்பெண்ணெய், சவர்க்காரம், தீபாவளிச் சேலை வரைக்கும் பஜாரில் ஒரு கடையில் பற்று. பற்று என்றால் கடனுக்கு வாங்குவது. அதற்கு ஒரு கொப்பி உண்டு. வாங்குவதையெல்லாம் கடைக்காரர் அதில் எழுதித் தருவார். சம்பளத்தன்று அவரே தோட்டத்துக்கு ஏறி வந்து, காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் சம்பள மேசைக்குக் கொஞ்சம் தள்ளி இருப்பார். மேசையில் வாங்குகிற காசு அப்படியே அவர் கைக்குப் போய்விடும். மேசைக்கும் அவருக்கும் நடுவில் நடக்கிற அந்தக் கொஞ்சத் தூரம்தான் அது எங்கள் காசு.

எங்கள் கொப்பி பஜார் முகப்பில் இருக்கிற பெரிய கடையில் இருந்தது. என் மாமனார் காலத்துக் கொப்பி. அவர் செத்த பிறகு பாக்கியோடு சேர்த்து என் வீட்டுக்காரர் பெயருக்கு மாறியது. மாமனார் விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான் என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரருக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும். ஆனால் அதுதான் உண்மை.

அந்தக் கடை முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்த காலத்திலும் முகம் சுளிக்காமல் சாமான் நிறுத்துக் கொடுத்த மனுஷன். ஆனால் அவர் கடையில் ஒரு சட்டம் இருந்தது. டின் பால், பிஸ்கட் மாதிரி கண்டியிலிருந்து ரொக்கம் கொடுத்து வாங்கி வருகிற சாமான் எதுவும் பற்றில் கிடையாது. நான் போய்க் கேட்டேன்.

"அது காசுச் சாமான் புள்ள. ஒனக்குக் குடுத்தா நாளைக்கு எல்லா லயமும் வந்து வாசல்ல நிக்கும்" என்றார்.

கருவாடு வேண்டாம், தேங்காய் வேண்டாம், அதற்குப் பதிலாக ஒரு டின் எழுதுங்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளுக்கு மிளகாய் நிறுக்கப் போய்விட்டார்.

எங்கள் கைக்குக் காசாக வருவது ஞாயிற்றுக்கிழமைக் கொழுந்துக்குத்தான். அதைக் கைக்காசு என்போம். லீவு நாளில் மலைக்குப் போய்ப் பறித்தால், நிறுத்துப் பார்த்து அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார்கள். காய்ச்சலில் கிடந்து எழும்பின உடம்பு, கூடையைத் தலையில் மாட்டினால் கண் இருட்டிக்கொண்டு வரும். இருந்தாலும் போனேன். அடைமழைக் காலத்தில் கொழுந்து ஏது? கிடைத்த காசுக்கு ஒரு சின்ன டின் வாங்கலாம். ஞாயிறும் திங்களும் பால் பாலாக இருக்கும். புதன்கிழமை தண்ணீர் கூடும். வெள்ளிக்கிழமை கரண்டியில் இருப்பது பால் இல்லை, பால் வைத்த பாத்திரம் கழுவின தண்ணீர். பிள்ளை அதையும் குடித்துவிட்டுக் கரண்டியை விடாமல் கவ்விக்கொண்டிருப்பாள்.

நாங்கள் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் ஒரு ஆயா இருந்தாள். ஒருநாள் பிள்ளையைத் திரும்பத் தரும்போது, "ஒம் புள்ள இப்ப அழுறதே இல்லடி. அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள். 

பஜாரின் கீழ்க்கோடியில், பாலத்தடியில், ஒரு நானா கடை இருந்தது. முஸ்லிம் கடைக்காரர்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். சின்னக் கடை. முன்னால் கடை, பின்னால் அவருடைய வீடு. அவர் டின் பாலையும் பற்றில் கொடுக்கிறார் என்று கொழுந்து நிறுக்கிற இடத்தில் பேசிக்கொண்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அவர் பேக்டரியில் வேலை செய்கிறவர். வந்து அடுப்புக்கு முன்னால் குந்திக் கையைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். "ரெண்டு கடையில பற்றா? ஒனக்குக் காய்ச்ச இன்னும் விடலையா?" என்றார்.

பிறகு கதையைத் தொடங்கினார். மேல் லயத்தில் ஒருத்தர் இப்படித்தான் இரண்டு கடையில் பற்று வைத்தாராம். சம்பளத்தன்று ஒரு முதலாளி வலது கையைப் பிடித்தாராம், மற்றவர் இடது கையைப் பிடித்தாராம். "மூக்கச் சொறியக்கூட கை இல்லாம நடுவுல நின்னான்" என்று சொல்லி அவரே சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கடைசியில் இரண்டு கடையும் அந்த ஆளுக்குக் கதவைச் சாத்திவிட்டனவாம். அந்த மாசம் முழுக்க அந்தக் குடும்பம் உப்புத் தண்ணீரை ஊற்றிச் சோறு தின்றதாம்.

"பெரிய கடை நமக்குச் சாத்திட்டா என்ன செய்வ, சொல்லு?" என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு கடை, அதுதான் பஜாரில் வழக்கம். இன்னொரு கடையில் கை நீட்டினது தெரிந்தால், பாக்கி முழுவதையும் வைத்துவிட்டு நடையைக் கட்டு என்று முதல் கடைக்காரர் சொல்லிவிடலாம். அந்தப் பாக்கியை ஒரே சம்பளத்தில் கட்டுவதென்றால் எங்கள் இரண்டு பேரையும் விற்றால்கூட முடியாது.

"லாம்பெண்ணெய் இல்லாட்டி இருட்டுல இருந்துக்கலாங்க. இவளுக்குப் பால் இல்லாட்டி?" என்று கேட்டேன். அவர் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. சண்டை போட உடம்பில் தெம்பு இருக்க வேண்டாமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாலத்தடிக்குப் போனேன். நானா பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்க பற்று தங்கச்சி?" என்றார். மறைத்து ஆகப் போவது ஒன்றும் இல்லை, பெரிய கடை என்றேன்.

"அப்ப அங்க ஒரு வார்த்த சொல்லிப்போட்டு வாங்க. முதலாளி சரின்னு சொன்னா நான் கொப்பி போட்டுத் தாறேன். இது பஜார் முறை. அவங்கட ஆள நான் இழுத்தேன்னு பேச்சு வரப்படாது, பாருங்க."

அன்றைக்கு மலை ஏறும்போது வழியெல்லாம் இதே யோசனைதான். கடன் கொடுத்தவரிடமே போய், இன்னொரு இடத்தில் கடன் வாங்கப் போகிறேன், சரியா என்று கேட்பதா? உலகத்தில் எங்கேயாவது இப்படி ஒரு முறை உண்டா? வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "அதுக்கு நேரா போயி அந்த முதலாளி கன்னத்துல ஒண்ணு விட்டுட்டு வந்துரு" என்றார்.

அந்த வாரம் நான் கேட்கப் போகவில்லை. பயம்தான். அந்த வாரமும் வெள்ளிக்கிழமை வந்தது. பிள்ளையின் கையைத் தூக்கிவிட்டால் அப்படியே பொத்தென்று கீழே விழுந்தது. தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் விழுந்தது. பெரிய கடையா, பிள்ளையா என்று அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரிய கடையில் கூட்டம் நெரியும். எங்கள் தோட்டம், பக்கத்துத் தோட்டம் என்று எல்லோரும் அன்றைக்குத்தான் சாமானுக்கு இறங்குவார்கள். கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்றேன். குறையவில்லை. கால் கெஞ்சியது. கடைசியில் கொப்பியை நீட்டிக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"முதலாளி, பால் டின்னுக்கு மட்டும் பாலத்தடி நானா கடையில ஒரு பற்று வச்சிக்கலாமுன்னு... நீங்க சரின்னு ஒரு வார்த்த சொன்னா..."

தராசில் பருப்புப் போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. கொப்பியை வாங்கினார். ஏதோ எழுதத்தான் போகிறார் என்று நினைத்தேன். மூடி, மேசை இழுப்பறையில் போட்டு, இழுப்பறையைத் தள்ளினார்.

"நல்லதுதானே. இனிமே எல்லாத்தையும் அங்கயே வாங்கிக்க. சம்பளத்தன்னைக்கு வந்து பாக்கி முழுசையும் எடுத்துக்குறேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பின்னால் நின்ற ஒருத்தி, "சக்களத்திகிட்டப் போறதுக்குப் பொண்டாட்டிகிட்ட உத்தரவு கேட்ட கதையால்ல இருக்கு" என்றாள். கடை முழுவதும் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னதும் சரிதானே என்று ஒரு பக்கம் தோன்றியது, அந்த அவமானத்திலும்.

எப்படி நடந்தேன் என்று தெரியாது, பாலத்தடிக்குப் போய் நானா கடை வாசலில் கிடந்த மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். "சொல்லிட்டேன் நானா. கொப்பியப் புடுங்கி உள்ள போட்டுட்டாரு" என்றேன்.

நானா எழுந்தே விட்டார். "நீங்க நெசமாவே போய்க் கேட்டீங்களா?"

"நீங்கதானே கேக்கச் சொன்னீங்க?"

"யா அல்லாஹ்!" என்று தலையில் கையை வைத்தார். "எல்லாரும் பஜார்ல சும்மா ஒரு சுத்து சுத்திப்போட்டு வந்து, சொல்லிட்டேன் நானா, சரின்னாருன்னு சொல்லுவாங்க. நானும் கொப்பி போட்டுக் குடுப்பேன். நாளைக்கு முதலாளி கேட்டா, அந்தப் புள்ள அப்படித்தானே சொல்லிச்சின்னு நான் சொல்லிக்குவேன். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நெசமாப் போய்க் கேட்டா அந்த மனுஷன் என்ன செய்வாரு? அத்தன பேருக்கு முன்னால சரின்னு சொல்ல அவருக்கு ஏலுமா?"

பஜார் முழுவதற்கும் தெரிந்த சங்கதி, எனக்கு மட்டும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? மாமனார் காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் இரண்டாவது கடை வாசலை மிதித்ததே இல்லை. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! "அத அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று கத்திவிட்டேன். கடன் கேட்கப் போன இடத்தில் கத்தின முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

நானா தலையைச் சொறிந்தார். "அத எப்படித் தங்கச்சி சொல்றது? வெளியில சொல்லிட்டா அப்புறம் அது முறை இல்லையே" என்றார்.

இந்த நேரத்தில் பிள்ளை என் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். நானா அதைப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். அவருடைய மனைவி வந்தார், கடை அடுக்குத் தட்டிலிருந்து ஒரு டின்னை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு கோப்பையில் பால் வந்தது. நான் அந்த மாதிரிப் பாலைக் கலக்கி நாளாகிறது, கோப்பையின் ஓரத்தில் கெட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது. பிள்ளை மூச்சுவிடாமல் குடித்தாள். குடித்து முடித்து ஒரு ஏப்பம் விட்டாள். அப்புறம் என் தோளில் விழுந்து தூங்கிவிட்டாள். நானாவின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு அழுகை வரவில்லை, அழக்கூடச் சலிப்பாக இருந்தது.

நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, குடையை எடுத்தார். "வாங்க தங்கச்சி" என்றார். எங்கே என்று கேட்டேன். "பெரிய கடைக்குத்தான். ஏன்ட வாயால வந்த வினை, நான்தானே தீக்கணும்?"

பாலத்தடிக் கடைக்காரர் பெரிய கடைக்குள் ஏறுவதைப் பஜாரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. முதலாளி தராசை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. நானாவே தொடங்கினார். இந்தப் பிள்ளையின் பற்று உங்களிடமே இருக்கட்டும், நான் கொடுப்பது நீங்கள் பற்றில் கொடுக்காத டின் பால் ஒன்றுதான், உங்கள் வியாபாரத்தில் ஒரு சதத்துக்கும் நான் கை வைக்கவில்லை என்று மெதுவாகச் சொன்னார்.

"இவங்க சம்பளம் எம் பாக்கிக்கே பத்தாது. நீ எங்கேயிருந்து எடுப்ப?" என்று முதலாளி கேட்டார்.

"நீங்க எடுத்து மிச்சம் இருந்தா நான் எடுக்கிறேன்."

"மிச்சம் இல்லாட்டி?"

"நின்னுட்டு வந்துருவேன்" என்றார் நானா.

 வியாபாரி ஒருத்தர், இன்னொரு வியாபாரியின் கடையில் நின்று, அத்தனை பற்றுக்காரர்களுக்கும் முன்னால், என் கடன் இரண்டாவது என்று சொல்வது சின்ன விஷயமா? நாளைக்கு அவரிடம் கடன் வாங்குகிறவர்கள் எல்லோரும் அதையே சொல்லமாட்டார்களா? எனக்காக அவர் அப்படி இறங்கிப் பேச நான் யார்? பெயர்கூட அவர் அதுவரைக்கும் கேட்கவில்லை. முதலாளி கொஞ்ச நேரம் பருப்பை அளைந்துகொண்டு இருந்தார். பிறகு இழுப்பறையை இழுத்து, எங்கள் கொப்பியை எடுத்து, என் பக்கம் தள்ளிவிட்டார்.  எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு இரண்டாவது கொப்பி வந்தது.

பிள்ளை தேற ஆரம்பித்தாள். மறுபடி அழுதாள். அவள் தொண்டை திறந்து அழுததைக் கேட்டு ஆயா தெய்வத்துக்குக் கும்பிடு போட்டாள். ஆனால் சம்பள நாள் என்று ஒன்று வருமே! பெரட்டுக் களத்தில் முதலாளிக்கு ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள், எப்போதும் அப்படித்தான். அவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் எட்டத்தில் நானா குடை பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் தோட்டத்தில் சம்பளத்துக்கு ஆண்கள்தான் மேசைக்குப் போவார்கள், பெண்டாட்டி சம்பளத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் வாங்கினார், நாற்காலிக்கு வந்தார், கையை விரித்தார். எல்லாம் அங்கேயே முடிந்தது. மழையில் அரைநாள் வேலை போனது, நான் காய்ச்சலில் கிடந்தது எல்லாம் சேர்ந்து அந்த மாசச் சம்பளமே பாதிதான். நானா குடையோடு திரும்பி மலை இறங்கிப் போனார்.

அடுத்த மாசமும் அதேதான். ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசை மட்டும் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன், அது பாதிப் பாலுக்கும் காணாது. "மிச்சம் இருக்காதுன்னு தெரிஞ்சுக்கிட்டே ஏன் நானா இந்த மழையில மல ஏறி வாறீங்க?" என்று கேட்டேன்.

"வந்து நிக்காட்டிப் பற்று செத்துப்போகும் தங்கச்சி. கடன் குடுத்தவன் முகத்தக் காட்டணும்" என்றார். மூட்டு வலிக்காரர் அவர், நிற்கும்போது காலை மாற்றி மாற்றி வைப்பார்.

என் வீட்டுக்காரருக்குத்தான் அது பொறுக்கவில்லை. பஜாருக்குப் போனால் பாலத்தடிப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வருவார். புகையிலை போடுவதை விட்டார். ஒருநாள் சோற்றில் கை வைத்தபடி, "அந்த மனுஷன் ஏசிட்டாக்கூடப் பரவாயில்ல. ஒண்ணும் சொல்லாமப் போறாரு பாரு, அதுதான் என்னக் கொல்லுது" என்றார். எனக்கு மட்டும் எப்படி இருந்திருக்கும்? இரவில் படுத்தால் ஒரு பக்கம் பெரிய கடை, ஒரு பக்கம் சின்னக் கடை. எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் ஒரு கடன் முகத்துக்கு நேரே இருக்கும். இரண்டாவது பற்று வைத்தால் இலேசாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதற்கு அடுத்த சம்பளத்தன்று நான் மலையிலிருந்து நேரே பெரட்டுக் களத்துக்கு வந்து ஓரமாக நின்றிருந்தேன். வீட்டுக்காரர் மேசையில் காசை வாங்கினார். நாற்காலியைத் தாண்டினார். நேரே நானாவிடம் போய்க் கையை நீட்டினார்.  இந்த மனுஷன் என்ன செய்கிறார், கொப்பி மறுபடியும் இழுப்பறைக்குப் போகப் போகிறதே என்று ஓடிப் போய்த் தடுக்கப் பார்த்தேன். அதற்குள் அவர் வாயைத் திறந்துவிட்டார்.

"பாலுக்கு மொதல்ல எடுத்துக்குங்க நானா" என்றார்.

நானா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "அவருக்குக் குடுங்க தம்பி. நான் வாய்விட்டுச் சொன்ன வார்த்த" என்றார்.

பெரட்டுக் களமே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மேல் லயத்து ஆளின் இரண்டு கையையும் பிடித்தார்களாம், என் வீட்டுக்காரர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், வாங்க ஆள் இல்லை. கணக்கப்பிள்ளைகூட அடுத்த பெயரைக் கூப்பிட மறந்துவிட்டார்.

நாற்காலியில் இருந்த முதலாளி நெளிந்தார். சுற்றிலும் பார்த்தார். "என்ன, எல்லாரும் என்னையே பாக்குறீங்க? நான் என்ன பச்சப்புள்ள பால்ல பங்கு கேட்டனா?" என்று சத்தம் போட்டார்.  அவர் எழும்பி வந்தார். என் வீட்டுக்காரர் கையிலிருந்து காசை வாங்கி எண்ணினார். கொஞ்சத்தை மட்டும் மடியில் செருகிக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தார்.

"இத அவருக்குக் குடு. எம் பாக்கிய மாசா மாசம் சேத்து எடுத்துக்குவேன். விட்டுட்டேன்னு மட்டும் நெனச்சிராத" என்றார். அப்படியே எடுக்கவும் செய்தார், ஒரு சதம் விடவில்லை. டின் பாலையும் கடைசி வரைக்கும் பற்றில் கொடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நானா வெறும் கையோடு மலை இறங்கியதில்லை.

மகளுக்குப் பல் முளைத்தது, சோறு தின்றாள், பால் டின் நின்றது. நானா கடன் தீர இன்னும் சில மாசம் பிடித்தது. கடைசியாகக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று அவர் கொப்பியில் கோடு கிழித்து, திரும்ப என் கையிலேயே கொடுத்தார். இனி எதற்கு நானா என்றேன். "வச்சிக்கங்க. ஒண்ணும் எழுதாமக் கிடந்தா அது சோறா கேக்கப் போகுது?" என்றார்.

அதை வைப்பதா, வேண்டாமா என்று வீட்டில் மறுபடி ஒரு வழக்கு. கையில் இருந்தால் கை அரிக்கும் என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்ன மாதிரியே அரிக்கவும் செய்தது. முதல் தீபாவளிக்கே, நானா கடையில் புதுச் சட்டைத் துணி வந்திருக்கிறதாம் என்று மெல்ல ஆரம்பித்தார். யாருக்கு அரித்தது பார்த்தீர்களா? நான் முறைத்த முறைப்பில் பேச்சு அங்கேயே நின்றது. பிறகு எனக்கும் அரித்தது, ஒரு பூப்போட்ட சீத்தைச் சேலைக்கு. அன்றைக்கு அவர் முறைத்தார். இப்படியே ஒருத்தரை ஒருத்தர் முறைத்துத்தான் அந்தக் கொப்பியை இன்றைக்கு வரைக்கும் ஒன்றும் எழுதாமல் வைத்திருக்கிறோம்.

இப்போது லயத்துப் பெண்கள் என்னிடம் வந்து, அக்கா, இன்னொரு கடையில் பற்று வைக்கலாமா என்று யோசனை கேட்கிறார்கள், நான் ஏதோ அதில் பரீட்சை பாஸ் பண்ணினவள் மாதிரி. கடனே இல்லாமல் இருப்பதுதான் நல்லது, ஆனால் அப்படி ஒரு வீடு எந்த லயத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இரண்டு கொப்பியிலும் எழுதுவதாக இருந்தால் வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன், அந்தப் படுக்கையில் நான் படுத்திருக்கிறேன். பெரிய கடைக்கு இன்றைக்கும் நான்தான் போகிறேன், முதலாளி இன்றைக்கும் பாதிச் சாமானுக்கு இல்லை என்றுதான் சொல்கிறார், ஆனால் அவர் ஒருத்தர் இல்லை என்று சொல்லிவிட்டால் என் பிள்ளை பட்டினி என்றிருந்த நாளில் அவர் முன்னால் வராத குரல், ஒன்றும் எழுதாத அந்தக் கொப்பி வீட்டில் இருக்கிற தைரியத்தில் இப்போது எனக்குத் தெளிவாக வருகிறது.